பல பிடிஎஃப் கோப்புகளை ஒரே முறையில் சுருக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காகித ஆவணங்களை ஸ்கேன் செய்து, பெயரிட்டு, கோப்புறைகளாக ஒழுங்குபடுத்தித் தருவது என் தொழில். வழக்கறிஞர் அலுவலகங்கள், தணிக்கையாளர்கள், பள்ளிகள், பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் வந்தாலும், கோப்பின் அளவைக் குறைப்பது பற்றி அவர்கள் கேட்கும் ஐயங்கள் இருபது சொச்சம் கேள்விகளுக்குள் அடங்கிவிடுகின்றன. தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்ன பதில்களை, கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை மாற்றாமல், இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

ஒரு பிடிஎஃப் 100 கேபி இருக்கிறது, இன்னொன்று 40 எம்பி இருக்கிறது. இரண்டிலும் பத்துப் பக்கம்தான். ஏன் இப்படி?

பிடிஎஃப் என்பது ஒரு பெட்டி போன்றது. அதற்குள் எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கலாம். அல்லது பக்கம் முழுவதும் ஒரே புகைப்படமாக ஒட்டப்பட்டிருக்கலாம். வேர்டு போன்ற செயலியிலிருந்து நேராக உருவாக்கப்பட்ட கோப்பில் எழுத்துகளும், அவற்றை வரைந்து காட்டுவதற்கான எழுத்துருவும் மட்டுமே இருப்பதால் அது சிறியதாக இருக்கும். ஸ்கேனரிலிருந்து வந்த கோப்பில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம்.

அந்தப் படத்தின் கனத்தைக் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 300 டிபிஐ என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 2480 புள்ளி அகலமும் 3508 புள்ளி உயரமும் உள்ள படம் கிடைக்கும். மொத்தம் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்பதால், சுருக்காத நிலையில் ஒரு பக்கம் 26 எம்பி. சாம்பல் நிறத்தில் அது 8.7 எம்பி. வெறும் கறுப்பும் வெள்ளையும் என்றால் 1.1 எம்பிக்கும் குறைவு. ஸ்கேனர் இதை ஜேபெக் என்ற படச்சுருக்க முறையில் சுருக்கித்தான் தருகிறது என்றாலும், தொடங்கும் இடத்திலேயே இவ்வளவு வேறுபாடு இருப்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் பதில்கள் எளிதில் புரியும்.

எங்கள் கோப்புறையில் 600 கோப்புகள் இருக்கின்றன. எது எதனால் பெரிதாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கோப்பின் அளவைப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 30, 40 கேபி என்று வந்தால் அந்தக் கோப்பில் குறைப்பதற்கு அதிகம் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு எம்பியைத் தாண்டினால் அங்கே படம் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பக்கத்தில் உள்ள ஒரு சொல்லைச் சுட்டியால் தேர்ந்தெடுக்க முயல்வதும் நல்ல சோதனை: சொல் தனியாகப் பிடிபடவில்லை என்றால் அது படம். ஓசிஆர் செய்யப்பட்ட, அதாவது படத்தில் உள்ள எழுத்துகளைக் கணினியே படித்து அடையாளம் கண்ட, ஸ்கேனில் படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு இருக்கும் என்பதால் அங்கு மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும்.

துல்லியமாக அறிய வேண்டுமானால், கட்டண மென்பொருளான அக்ரோபேட் ப்ரோவின் பிடிஎஃப் ஆப்டிமைசரில் படம், எழுத்துரு, பிற என்று எது எத்தனை விழுக்காடு இடம் பிடிக்கிறது எனக் காட்டும் வசதி உண்டு. கட்டணமின்றிச் செய்ய, பாப்ளர் என்ற திறமூலத் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்இமேஜஸ் என்ற கருவியைப் பட்டியலிடும் முறையில் இயக்கினால், ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள படத்தின் புள்ளி அளவு, அதன் டிபிஐ, எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பவை வரி வரியாக வந்துவிடும். 600 கோப்புகளையும் பார்க்க வேண்டியதில்லை. எந்த இயந்திரத்திலிருந்து, எந்த ஆண்டில் வந்தவை என்று பிரித்து, பிரிவுக்கு இரண்டு கோப்புகளைப் பார்த்தால் போதும். இந்த அரை மணி நேரத்தைச் செலவிடாமல் நேராகச் சுருக்கத் தொடங்குபவர்கள்தாம் பின்னர் அதே வேலையை இரண்டு முறை செய்கிறார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஜிப் போட்டுவிட்டால் போதாதா?

போதாது. பிடிஎஃப்பின் உள்ளே எழுத்துப் பகுதிகள் பெரும்பாலும் ஜிப் பயன்படுத்தும் அதே முறையில் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை; படங்கள் ஜேபெக்காகச் சுருக்கப்பட்டவை. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் நான்கு சொட்டுதான் வரும். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி அனுப்ப ஜிப் உதவும், அவ்வளவுதான்.

ஒவ்வொன்றாகத் திறந்து சேமிக்காமல், கோப்புறை முழுவதையும் ஒரே தடவையில் சுருக்க என்ன மென்பொருள் வேண்டும்?

விண்டோஸில் கட்டளைகள் தட்ட விரும்பாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பிடிஎஃப்24 கிரியேட்டர். இது கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவச மென்பொருள். பல கோப்புகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, டிபிஐயையும் படத்தரத்தையும் குறிப்பிட்டுச் சுருக்கலாம். அக்ரோபேட் ப்ரோ வைத்திருப்பவர்கள் ஆக்‌ஷன் விசார்டில் ஒரு செயல்வரிசையை அமைத்துக் கோப்புறைக்கே ஏவலாம். மேக் கணினியில் ஆட்டோமேட்டர் என்ற செயலியின் மூலம், பிடிஎஃப்பில் உள்ள படங்களை மாற்றியமைக்கும் குவார்ட்ஸ் வடிகட்டியைப் பல கோப்புகளுக்குப் பொருத்த முடியும். ஆனால் அதனோடு வரும் அளவுகுறைப்பு வடிகட்டி படங்களைத் தேவைக்கு மேல் மங்கவைக்கிறது என்பதால், அதைத் திருத்தாமல் பயன்படுத்த வேண்டாம்.

ஆயிரக்கணக்கில் கோப்புகள் இருந்தால் கோஸ்ட்ஸ்கிரிப்டுக்கு வந்து சேர வேண்டியிருக்கும். 1988 முதல் இருந்து வரும் இந்தத் திறமூல மென்பொருள், பிடிஎஃப்பைப் படித்து முற்றிலும் புதிதாக எழுதித் தருகிறது. அதற்கென்று திரை கிடையாது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரியில், "இந்தக் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு பிடிஎஃப்புக்கும் இதைச் செய்" என்ற சுழற்சிக் கட்டளைக்குள் வைத்து ஓட்ட வேண்டும். ஒருமுறை அமைத்துவிட்டால் இரவில் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்க்கலாம்.

இணையத்தில் இலவசமாகச் சுருக்கித் தரும் தளங்கள் எத்தனையோ இருக்கின்றனவே, அங்கே ஏற்றினால் என்ன?

சமையல் குறிப்போ, விற்பனைக் கையேடோ என்றால் ஏற்றுங்கள். ஆதார் நகல், கிரயப் பத்திரம், மருத்துவ அறிக்கை, மாணவர்களின் மதிப்பெண் பட்டியல், கட்சிக்காரரின் வழக்குக் கட்டு ஆகியவற்றை ஏற்றாதீர்கள். அடுத்தவர் உங்களை நம்பிக் கொடுத்த தாளை எங்கிருக்கிறது என்று தெரியாத ஒரு கணினிக்கு அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்ற அவர்களது வாக்குறுதியை நம்பி உட்கார வேண்டியிருக்கும். மேலும், இலவசச் சேவைகள் ஒரு நாளைக்கு இத்தனை கோப்பு என்று வரம்பு வைப்பதால் மொத்த வேலைக்கு அவை எப்படியும் ஒத்துவராது.

கோஸ்ட்ஸ்கிரிப்டில் ஸ்கிரீன், ஈபுக், பிரிண்டர் என்று சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

இவை முன்கூட்டியே அமைக்கப்பட்ட தர நிலைகள். வண்ணப் படங்களையும் சாம்பல் நிறப் படங்களையும் ஸ்கிரீன் 72 டிபிஐக்கும், ஈபுக் 150 டிபிஐக்கும், பிரிண்டர் 300 டிபிஐக்கும் இறக்குகின்றன. புள்ளிகளின் எண்ணிக்கை நீளத்திலும் அகலத்திலும் குறைவதால், 300இலிருந்து 150க்கு வந்தாலே நான்கில் ஒரு பங்கு புள்ளிகள்தாம் எஞ்சும். 72க்கு வந்தால் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு. ஸ்கிரீன் நிலையில் கோப்பு வியக்கத்தக்க அளவுக்குச் சிறுத்துவிடுவதற்கு இதுவே காரணம். அதைத் தமிழ் ஆவணங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம்.

பத்து புள்ளி அளவில் அச்சான ஒரு தமிழ் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 72 டிபிஐயில் மேல்விலங்கு, கீழ்வால் எல்லாம் சேர்த்து அதன் உயரமே பத்துப் படப்புள்ளிகள்தாம். அதில் மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிக்கு மிஞ்சுவது ஒரே ஒரு படப்புள்ளி. ஜேபெக் சுருக்கம் அதையும் சுற்றியுள்ள வெள்ளையோடு கலந்து சாம்பலாக்கிவிடும். "கட்டட" என்பதும் "கட்டட்" என்பதும் ஒன்றாகிவிடும்; ணகரத்தின் சுழிகளும் னகரத்தின் சுழிகளும் கூழாகிவிடும். 150 டிபிஐயில் அதே எழுத்துக்கு 21 படப்புள்ளிகள் கிடைப்பதால் திரையில் தெளிவாகப் படிக்கலாம். ஆகவே படிப்பதற்கும் மின்னஞ்சலுக்கும் ஈபுக் நிலை போதும். சிறிய எழுத்தில் அடிக்குறிப்புகள் உள்ளவை, கையெழுத்துப் பிரதிகள், மங்கிய பத்திரங்கள் ஆகியவற்றுக்கு டிபிஐயை நீங்களே 200 என்று குறிப்பிடுங்கள்.

கட்டளை வரி என்றாலே பயமாக இருக்கிறது. மூலக்கோப்புகள் அழிந்துவிட்டால்?

பயம் நியாயமானதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்து ஒரு கோப்புறையை ஓட்டினேன். மென்பொருள் கோப்பைப் படித்து முடிப்பதற்கு முன்பே அதே பெயரில் எழுதத் தொடங்கியதால், சிறிது நேரத்தில் அந்தக் கோப்புறையில் திறக்க முடியாத வெற்றுக் கோப்புகளே மிஞ்சின. காகிதங்கள் கட்டுப் பிரிக்காமல் இருந்ததால் மறுபடியும் ஸ்கேன் செய்து தப்பித்தேன்.

அன்றிலிருந்து மூன்று கோப்புறைகள் இல்லாமல் நான் தொடங்குவதில்லை. "மூலம்" என்பதில் உள்ளவற்றைப் படிக்க மட்டும் அனுமதி. "சுருக்கியது" என்பதில் வெளியீடு. "பிழை" என்பதில் ஏதேனும் காரணத்தால் முடியாமல்போனவை. எந்த மென்பொருளிலும் "அதே இடத்தில் சேமி" என்ற தேர்வை அணைத்துவிடுங்கள். முதலில் ஐந்து கோப்புகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் கட்டளை அதை இரண்டு பெயர்களாகப் புரிந்துகொள்ளும் என்பதால் பெயரை எப்போதும் மேற்கோள் குறிக்குள் அடக்குங்கள். உட்கோப்புறைகளில் ஒரே பெயருள்ள கோப்புகள் இருப்பது சாதாரணம். எல்லா வெளியீடுகளையும் ஒரே இடத்தில் கொட்டினால் "பத்திரம் 1" என்ற பெயருள்ள ஏழு கோப்புகளில் ஒன்றுதான் தங்கும். உட்கோப்புறை அமைப்பை வெளியீட்டிலும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்.

சுருக்கிய பிறகு சில கோப்புகள் முன்பைவிடப் பெரிதாகிவிட்டன. இது என்ன வேடிக்கை?

ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்ட கோப்பை மென்பொருள் பிரித்து, தன் வழியில் மறுபடி கட்டும்போது இப்படி நேரும். கறுப்பு வெள்ளைக்கென்றே உள்ள திறமான முறையில் அடைக்கப்பட்டிருந்த படத்தை அதைவிடத் திறம் குறைந்த முறையில் அடைத்தாலும், பழைய கோப்பில் நெருக்கிக் கட்டப்பட்டிருந்த உட்பொருள்களைத் தளர்த்தி எழுதினாலும் அளவு கூடும்.

தீர்வு எளிது. சுழற்சிக் கட்டளையின் இறுதியில், புதிய கோப்பு பழையதைவிடச் சிறியதா என்று ஒப்பிட்டு, இல்லையென்றால் பழையதையே நகலெடுத்து வைக்கும்படி ஒரு வரி சேருங்கள். நான் இன்னும் சற்றுக் கறாராக, பத்து விழுக்காடாவது குறைந்தால்தான் புதியதை ஏற்பேன்; மூன்று விழுக்காட்டுக்காகப் படத்தை ஒருமுறை கூடுதலாகக் கெடுப்பதில் பொருளில்லை.

150 டிபிஐ என்று தெளிவாகக் கொடுத்தும் பல கோப்புகள் துளிகூடக் குறையவில்லையே?

இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, கோஸ்ட்ஸ்கிரிப்டு இலக்கை விடச் சற்றே அதிகமாக உள்ள படங்களைத் தொடுவதில்லை. இலக்கைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால்தான் இறக்கும் என்பது அதன் இயல்பான வாசல். எனவே 150 என்ற இலக்குக்கு 225க்கு மேற்பட்ட படங்கள்தாம் குறையும். 200 டிபிஐயில் ஸ்கேன் செய்யப்பட்டவை அப்படியே வெளியே வரும். அந்த வாசலை ஒன்று என்று மாற்றிக் கொடுக்கலாம்.

இரண்டாவது காரணம் கைபேசியிலிருந்து வருகிறது. 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 4000க்கு 3000 புள்ளிகள். அதை ஏ4 பக்கத்தில் பொருத்தினால் ஏறத்தாழ 340 டிபிஐ, ஒழுங்காகக் குறையும். ஆனால் சில செயலிகள் ஒரு புள்ளிக்கு ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு என்று கணக்கிட்டுப் பக்கத்தை உருவாக்குகின்றன. அப்போது அந்தப் பக்கத்தின் நீளம் 55 அங்குலத்துக்கு மேல்! நாலரை அடிக்கும் மேற்பட்ட ஒரு சுவரொட்டியாக அதைப் பார்க்கும் மென்பொருள், இதன் அடர்த்தி வெறும் 72 டிபிஐதான், குறைக்க ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறது. கோப்பின் பண்புகளில் பக்க அளவைப் பாருங்கள். ஏ4க்கு 210க்கு 297 மில்லிமீட்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கில் எண் இருந்தால், முதலில் பக்கத்தை ஏ4க்குப் பொருத்திவிட்டுப் பிறகு சுருக்க வேண்டும். மாணவர்கள் அனுப்பும் ஒப்படைப்புகளில் இதை நான் ஏராளமாகப் பார்க்கிறேன்.

வண்ணத்தை எடுத்துவிட்டால் பாதியாகக் குறையுமா?

முதல் பதிலில் சொன்ன 26 எம்பிக்கும் 8.7 எம்பிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து அப்படித் தோன்றும். ஆனால் ஜேபெக் முறை நிறத்தைப் பற்றிய விவரத்தை ஏற்கெனவே வெளிச்ச விவரத்தைவிடக் குறைந்த அடர்த்தியில்தான் வைத்திருப்பது வழக்கம் என்பதால், வண்ண ஜேபெக்கைச் சாம்பலாக்கினால் கிடைக்கும் மிச்சம் எதிர்பார்ப்பைவிடக் குறைவு. முத்திரைத்தாளின் நிறம், ஊதா மையில் உள்ள அலுவலக முத்திரை, நீல மைக் கையெழுத்து ஆகியவை அது மூலமா நகலா என்று பார்ப்பவருக்குச் சொல்பவை. அந்தச் சிறிய மிச்சத்துக்காக அவற்றை இழப்பது தகாது.

அப்படியானால் முழுக் கறுப்பு வெள்ளை? பழைய புத்தகங்களை அப்படித்தான் செய்வார்களாமே.

ஆம், தெளிவாக அச்சான, படங்கள் இல்லாத நூல்களுக்கு அதுவே சிறந்தது. தொலைநகல் காலத்திலிருந்து வரும் ஜி4 என்ற முறையில் கறுப்பு வெள்ளைப் படம், தரத்தில் எந்த இழப்பும் இல்லாமல் மிகச் சிறிதாக அடையும். ஆனால் டிபிஐயை இங்கே குறைக்கக் கூடாது. சாம்பல் நிழல்கள் இல்லாததால் எழுத்தின் விளிம்பு முழுவதையும் புள்ளிகளின் அடர்த்திதான் தாங்குகிறது. 300க்குக் கீழே இறங்காதீர்கள். சிறிய எழுத்துக்கு 400 அல்லது 600 நல்லது.

தமிழில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்கேனர் மென்பொருள்களில் தாளில் உள்ள தூசிப் பொட்டுகளை அழிக்கும் வசதி ஒன்று இருக்கும். சிறிய, தனித்து நிற்கும் கறுப்புப் பொட்டு எதுவானாலும் அது தூசி என்பது அந்த வசதியின் கணிப்பு. மெய்யெழுத்தின் புள்ளியும் சிறியது, தனித்து நிற்பது. மங்கலான பழைய அச்சில் இந்த வசதியை உயர்த்தி வைத்து ஓட்டிய ஒரு தொகுதி என்னிடம் வந்தது. பக்கம் பளிச்சென்று இருந்தது, புள்ளிகளில் பாதி இல்லை. ஆங்கிலத்துக்கு அமைத்த இயல்புநிலையைத் தமிழுக்கு அப்படியே விடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஜேபிக்2 என்ற முறையில் எண்களே மாறிவிடும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை நிகழ்வு ஒன்று உண்டு. 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரங்களில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பளவு எண்கள் மாறியிருந்ததை வெளிப்படுத்தினார். எண்கள் நிறைந்த வேறொரு ஆவணத்தில் 6 இருந்த இடத்தில் 8 வந்திருந்தது. கறுப்பு வெள்ளைப் படங்களைச் சுருக்கும் ஜேபிக்2 முறையில், ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளை ஒரே வார்ப்பாகச் சேமித்து எல்லா இடங்களிலும் அதையே ஒட்டும் வழி ஒன்று இருக்கிறது. ஒன்றுபோல் தோன்றியவை உண்மையில் வேறு வேறாக இருந்ததுதான் சிக்கல். பின்னர் அந்த நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டது.

இந்தப் பிழையின் கொடுமை, மங்கலாக இல்லாமல் தெளிவாகத் தவறாக இருப்பதுதான். பத்திரத்தின் சர்வே எண்ணில் இப்படி ஆனால் யாருக்கும் ஐயமே எழாது. ஜேபிக்2இல் இழப்பில்லாத வழியும் உண்டு; அது பாதுகாப்பானது. உங்கள் மென்பொருளில் "இழப்புள்ள" என்ற தேர்வு தனியாகத் தெரிந்தால் அதை அணைத்துவிடுங்கள். எது இயங்குகிறது என்று அதில் தெரியவில்லை என்றால் ஜி4 முறையோடு நின்றுகொள்ளுங்கள்.

தரம் கொஞ்சம்கூடக் குறையாமல் சுருக்கவே முடியாதா?

முடியும், ஆனால் எவ்வளவு குறையும் என்பது கோப்பைப் பொறுத்தது. கியூபிடிஎஃப் என்ற திறமூலக் கருவி படங்களையும் எழுத்துகளையும் தொடாமல், உள்ளே சிதறியிருக்கும் சின்னஞ்சிறு பொருள்களைக் கட்டுகளாக்கிச் சுருக்கி, யாரும் சுட்டாமல் கிடக்கும் பகுதிகளை விட்டுவிட்டு எழுதும். பலமுறை திருத்திச் சேமித்த கோப்புகளில் இது நன்றாகப் பலன் தரும். ஏனெனில் பல செயலிகள் திருத்தத்தைக் கோப்பின் வாலில் சேர்த்துக்கொண்டே போகுமே தவிர, நீக்கிய பக்கத்தை உண்மையில் அகற்றுவதில்லை. வெறும் ஸ்கேன் கோப்பில் மிச்சம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

எங்களுடையவை சம்பளச் சீட்டுகள். ஒரே பக்கம், படமே இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் 300 கேபி.

அப்படியென்றால் எடை எழுத்துருவில் இருக்கிறது. சீட்டை உருவாக்கும் மென்பொருள், பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதிக்காமல் எழுத்துரு முழுவதையும் ஒவ்வொரு கோப்பிலும் பதித்திருக்க வேண்டும். கோஸ்ட்ஸ்கிரிப்டு இயல்பாகவே தேவையான எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விடும் என்பதால் இத்தகைய கோப்புகள் அதில் நன்றாக இளைக்கும். ஆனால் மாதந்தோறும் இதைச் செய்வதைவிட, உருவாக்கும் மென்பொருளில் எழுத்துருவின் பகுதியை மட்டும் பதிக்கும் தேர்வை ஒருமுறை இயக்கிவிடுவது மேல்.

சுருக்கிய பிறகு தமிழ்ச் சொற்களைத் தேட முடியவில்லை. நகலெடுத்தால் குப்பையாக வருகிறது.

முதலில் மூலக்கோப்பிலேயே தேட முடிந்ததா என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளில், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள்; அவற்றிலிருந்து நகலெடுத்தால் எப்போதும் குப்பைதான் வரும். சுருக்கியதன் குற்றமன்று அது.

மூலத்தில் தேட முடிந்து, சுருக்கியதில் முடியவில்லை என்றால், நீங்கள் சுருக்கவில்லை, அச்சிட்டிருக்கிறீர்கள் என்று கருதுகிறேன். பிடிஎஃப்பைத் திறந்து, மறுபடி பிடிஎஃப்பாக அச்சிடும் குறுக்குவழியில், எந்த வடிவம் எந்த யூனிகோடு எழுத்து என்று சொல்லும் அட்டவணை காணாமல் போகலாம். உள்ளிணைப்புகளும் புத்தகக்குறிகளும் போய்விடும். கோஸ்ட்ஸ்கிரிப்டு அட்டவணை இருந்தால் அதைக் காப்பாற்றும் இயல்புடையது. என்றாலும் நிரப்பக்கூடிய படிவங்களில் உள்ள கட்டங்களை அது வெறும் எழுத்தாக உறையவைத்துவிடும், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கான குறிச்சொற்களையும் விட்டுவிடக்கூடும். படிவங்களைச் சுருக்கும் தொகுதியிலிருந்து விலக்கி வையுங்கள்.

ஓசிஆரும் செய்ய வேண்டும், சுருக்கவும் வேண்டும். எது முதலில்?

ஓசிஆர் முதலில். எழுத்தை அடையாளம் காண அதற்கு 300 டிபிஐ அளவுக்குத் தெளிவான படம் வேண்டும். புள்ளி தொலைந்த படத்தைக் கொடுத்தால் புள்ளி தொலைந்த சொல்தான் வரும். ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கருவி, தமிழையும் அறிந்த டெசராக்ட் பொறியைக் கொண்டு எழுத்து அடுக்கைச் சேர்த்து, அதே ஓட்டத்தில் படத்தையும் சுருக்கித் தருகிறது. எழுத்து அடுக்கு படத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அதனால் கோப்பு பெரிதாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம்.

மின்னொப்பமிட்ட சான்றிதழ்களையும் இதே தொகுதியில் போட்டுச் சுருக்கலாமா?

கூடாது. மின்னொப்பம் என்பது கோப்பின் பைட்டுகள் இன்னவை என்று கணக்கிட்டுப் பூட்டிய பூட்டு. சுருக்கும்போது கோப்பு முழுவதும் புதிதாக எழுதப்படுவதால், பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாவிட்டாலும் ஒப்பம் செல்லாததாகிவிடும் அல்லது மறைந்தே போகும். தரம் குறைக்காத கியூபிடிஎஃப்பும் இதற்கு விலக்கன்று. இ-ஆதார், டிஜிலாக்கரில் கிடைக்கும் சான்றிதழ்கள், மின்னொப்பமிட்ட ஒப்பந்தங்கள் ஆகியவற்றைத் தனிக் கோப்புறையில் தொடாமல் வையுங்கள். அவை பெரும்பாலும் சிறிய கோப்புகள். சுருக்கி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

கடவுச்சொல் உள்ளவை?

கடவுச்சொல்லைக் கொடுத்தால் கோஸ்ட்ஸ்கிரிப்டு திறந்து சுருக்கும். ஆனால் தனியாகக் கேட்டுக்கொள்ளாவிட்டால் வெளியே வரும் கோப்பில் பூட்டு இருக்காது. தொகுதியாக ஓட்டும்போது இது யார் கண்ணிலும் படாமல் நடந்துவிடும் என்பதால், பூட்டிய கோப்புகள் எவை என்று முன்னரே பட்டியலிட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத் தளம் 200 கேபிக்குள் கேட்கிறது. எல்லாக் கோப்புகளும் சரியாக 200 கேபி ஆகும்படி செய்ய முடியுமா?

இவ்வளவு கேபி வேண்டும் என்று கோஸ்ட்ஸ்கிரிப்டிடம் நேரடியாகக் கேட்க வழியில்லை. டிபிஐயும் தரமும்தான் நம் கையில் இருக்கின்றன, அளவு அவற்றின் விளைவு. எனவே படிப்படியாக இறங்குவதே வழி: முதலில் 200 டிபிஐ, வரம்புக்குள் வரவில்லை என்றால் 150, பிறகு 120. ஒவ்வொரு படியிலும் மூலக்கோப்பிலிருந்தே தொடங்க வேண்டும். முந்தைய படியில் சுருக்கியதையே மறுபடி சுருக்கினால் ஜேபெக்கின் கறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, அதே கேபியில் மோசமான படம்தான் கிடைக்கும். 120க்கும் வரவில்லை என்றால் பக்கங்கள் அதிகம் என்று பொருள். அச்சு மட்டும் உள்ள பக்கங்களைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள்.

மின்னஞ்சல் வரம்புக்கும் ஒரு சொல். இணைப்பு பயணத்துக்காக எழுத்துவடிவில் மாற்றப்படும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருக்கிறது. பெறுபவரின் அலுவலகச் சேவையகம் 10 எம்பி என்று வரம்பு வைத்திருந்தால் உங்கள் கோப்பு 7 எம்பிக்குள் இருப்பது நல்லது.

ஒரே இரவில் 2000 கோப்புகள் ஓடி முடிந்துவிட்டன. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எப்படி நம்புவது?

இரண்டாயிரத்தையும் திறந்து பார்க்க முடியாது. கணினியைக் கொண்டே பாதி வேலையை முடித்துவிடலாம். உள்ளே போன கோப்புகளின் எண்ணிக்கையும் வெளியே வந்தவற்றின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். ஒவ்வொரு கோப்பிலும் பக்க எண்ணிக்கை மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்; பழுதடைந்த மூலக்கோப்பைப் படிக்கும்போது கருவி நடுவில் நின்றுபோய், பன்னிரண்டு பக்கத்தில் ஒன்பதை மட்டும் எழுதியிருக்கக்கூடும். சுழியம் பைட் கோப்புகளைத் தேடுங்கள்.

பிறகு அளவு எத்தனை மடங்கு குறைந்தது என்று கணக்கிட்டு, அந்த வரிசையில் அடுக்கி, மேலே உள்ள இருபது கோப்புகளை மட்டும் கண்ணால் பாருங்கள். மற்றவை நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்க, ஒன்று மட்டும் நாற்பதில் ஒரு பங்காகியிருந்தால் அங்கே ஏதோ விழுங்கப்பட்டிருக்கிறது. திறந்தவுடன் நான் தேடுவது மூன்று இடங்கள்: மிகச் சிறிய எழுத்து உள்ள வரி, முத்திரை, பென்சிலால் எழுதிய ஓரக்குறிப்பு. மூன்றையும் நூறு விழுக்காடு உருப்பெருக்கத்தில் படிக்க முடிந்தால் அந்தத் தொகுதியை ஏற்கிறேன்.

சரிபார்த்தும் ஆயிற்று. இனி பெரிய கோப்புகளை அழித்துவிடலாமா? வட்டில் இடமே இல்லை.

காகிதம் கையில் இருந்து, மறுபடி ஸ்கேன் செய்யும் உழைப்பு உங்களுக்குப் பெரிதில்லை என்றால் அழிக்கலாம். காகிதம் உரியவரிடம் திரும்பிப் போயிருந்தாலோ, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தாலோ, நெடுங்காலப் பாதுகாப்புக்கென பிடிஎஃப்/ஏ தரத்தில் கேட்டு வாங்கியிருந்தாலோ அழிக்காதீர்கள். சாதாரணமாகச் சுருக்கும்போது அந்தத் தர ஒத்திசைவும் கலைந்துவிடுகிறது. அவற்றை வெளிவட்டு ஒன்றில் ஏற்றி, ஸ்கேன் செய்த நாளையும் டிபிஐயையும் வட்டின் மேல் எழுதி ஒட்டி வைக்கிறேன். சுருக்கியவை அன்றாடப் பயன்பாட்டுக்கு அலுவலகக் கணினியில் இருக்கின்றன.